துண்டுக் கடிவாளம்

உங்களில் யாராவது குதிரையாக இருந்திருக்கிறீர்களா? நான் இருந்திருக்கிறேன். ஆறாவது வயது நடந்துகொண்டிருந்தபோது, சாந்தோமில், ஒரு கிறிஸ்மஸுக்குச் சற்று முன்பு தொடங்கி அடுத்த தவக்காலம் வரைக்கும் முழுநேரக் குதிரை. சிரிக்காதீர்கள். தினமும் காலையில் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இமையை மூடி உட்கார்ந்திருக்கிற நம் கூட்டத்துக்குத்தான் இதைச் சொல்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் ஜெபம் சொல்வீர்களோ, மருமகளைத் திட்டுவீர்களோ, எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு துண்டின் வாசனை வரும். மூக்குப்பொடியும் கடற்காற்றின் உப்பும் கலந்த வாசனை.

அது சண்டைக் காலம். அப்பா பட்டாளத்து ஸ்டோரில் கிளார்க்காக வடக்கே எங்கோ இருந்தார். எங்கே என்று கடிதத்தில் எழுதக் கூடாதாம். அம்மா டீச்சர். காலையில் குடையும் நோட்டுக்கட்டுமாகக் கிளம்பினால் மாலை ஐந்துக்குத்தான் திரும்புவாள். என்னைப் பள்ளியில் சேர்க்க ஜூன் மாதம் வரை பொறுக்க வேண்டும். அதுவரை நான் தாத்தாவின் பொறுப்பு. அப்பாவைப் பெற்ற தாத்தா. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற வேலை. நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. வாழ்நாளெல்லாம் எண்ணியவரால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வாசலிலிருந்து மூலைக்கடை எத்தனை எட்டு, மூலைக்கடையிலிருந்து கோயில் எத்தனை எட்டு என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

தி. நகரில் இருந்த அத்தைக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவே இல்லை. அத்தை தாத்தாவுக்கு ஒரே மகள், அப்பாவுக்கு அக்கா. வருகிறபோதெல்லாம் அம்மாவிடம் ஒரே பாட்டுத்தான்.

"வயசானவர் கிட்ட பொம்பளப் புள்ளைய வுட்டுட்டு நீ பாட்டுக்கு வேலைக்குப் போறியே. தெக்கே சிஸ்டருங்க போர்டிங் நல்லா இருக்குது. ஒரு வார்த்தை சொல்லு, நான் எழுதிப் போடறேன்."

"மாமா பாத்துக்கற வரைக்கும் பாத்துக்கட்டும் அண்ணி. அவரால முடியலேன்னா அப்ப அனுப்பலாம்."

அம்மாவின் அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. போர்டிங் பற்றி எனக்கு நேரடியாகவே தெரியும். அத்தையின் மகள் அங்கிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். பேன் விழுந்ததென்று தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அங்கே மணி அடித்தால் சாப்பாடு முடிந்ததாம். தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் அவள் சட்டென்று தட்டிலிருந்து கையை எடுத்துவிடுவாள். பாதி இட்லி அப்படியே கிடக்கும். அதைப் பார்த்ததிலிருந்து மணிச்சத்தம் கேட்டாலே நான் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

குதிரை ஆட்டம் தொடங்கியது ஒரு காலையில். தாத்தா தன் சிவப்புக் கரைத் துண்டை என் இடுப்பைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனைகளையும் பின்னால் தன் கைகளில் பிடித்துக்கொண்டார்.

"இது சாதா குதிரை இல்ல. பேசற குதிரை. வண்டிக்காரன் பின்னால குந்திகினு கீறான், அவனுக்கு இன்னா தெரியும்? முன்னால இன்னா வருதுன்னு குதிரைதான் சொல்லணும்."

"மாடு படுத்துக்கினு இருக்குது."

"எந்தப் பக்கம்?"

"பீச்சாங்கைப் பக்கம்."

"அப்ப சோத்தாங்கைப் பக்கம் ஓடு. ஹை."

ஆட்டத்தில் இன்னொரு சட்டமும் இருந்தது. ஆட்கள் பக்கத்தில் இருந்தால் குதிரை பேசக் கூடாது. சர்க்கஸ்காரன் காதில் விழுந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவான். அப்போது கனைக்க வேண்டும். ஒரு தடவை கனைத்தால் வண்டி நிற்கும். இரண்டு தடவை கனைத்தால் முன்னால் படி இருக்கிறது என்று பொருள். கனைப்பதற்கு எனக்கு ஒரு வாரம் பயிற்சி நடந்தது. முதலில் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறது என்றார். பிறகு கழுதை என்றார். கடைசியில் ஒரு நாள், இப்பதான் குதிரை, என்று ஒப்புக்கொண்டார்.

தெருவே எங்களைப் பார்த்துச் சிரித்தது. மூலைக்கடை பாய் தினமும் ஒரே கேள்வி கேட்பார்.

"இன்னா பெர்சு, குதிரைக்குக் கொள்ளு வெச்சியா?"

"வெச்சேன் பாய். ஆனா இது வாழப்பழம்தான் துன்னுது."

பாய் ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டுவார். நான் வாங்குவேன். ஊரில் பாதி ஜனம் சண்டைக்குப் பயந்து வெளியூர் போய்த் திரும்பியிருந்த நேரம் அது. ஜப்பான்காரன் வருவானோ என்று கடல் பக்கம் பார்க்கவே எல்லோருக்கும் பயம். சிரிப்பதற்கு ஏதோ ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தார்கள். நாங்கள் கிடைத்தோம்.

மத்தியானத்தில் பாடம். முறத்தில் அரிசியைப் பரப்பி அதில் விரலால் எழுதச் சொல்வார். நான் எழுதியதும் அந்தப் பள்ளத்தின் மேல் தன் விரலை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். "வயிறு பத்தல, இன்னும் உருண்டையா போடு," என்பார். எழுத்து பழகியதும் வார்த்தை, வார்த்தை பழகியதும் கூட்டல். நாலு கோடு, குறுக்கே ஒன்று. பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே ஐந்து ஐந்தாக நூறு வரை எனக்கு வந்துவிட்டது. அம்மாவுக்குப் பெருமை. அரிசியில் எச்சில் கை வைக்கிறோம் என்று கொஞ்சம் கோபமும் உண்டு.

கிறிஸ்மஸுக்கு அத்தை எனக்கு ஒரு சிலேட்டு வாங்கி வந்தாள். தாத்தா அதைத் தொடவே இல்லை. அரிசியில்தான் எழுத்து படியும் என்று சொல்லிவிட்டார். ஜனவரியில் ஒரு நாள் கடற்கரைக்கு அழைத்துப் போகவில்லை என்று எனக்குக் கோபம். சிலேட்டை எடுத்து, பெரிய பெரிய எழுத்தில், 'தாத்தா குரங்கு' என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அடி விழுமோ என்று நாலடி தள்ளி நின்றுகொண்டேன். அவர் சிலேட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். தலையை ஆட்டினார்.

"பேஷ். முத்து முத்தா கீது. இன்னொரு தபா எழுது."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் அவர் அதே முகத்தோடு சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போனேன். அவர் மூக்குக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினேன். இமை அசையவில்லை. நாக்கை நீட்டினேன்.

"இன்னா, குதிரை சத்தத்தையே காணோம்?"

"தாத்தா, உனக்குக் கண்ணு தெரியலையா?"

சிலேட்டை மடியில் வைத்தார். வேட்டியால் துடைத்தார். நான் எழுதியதைப் படிக்காமலே அழித்தார்.

"நேரா பாத்தா ஒண்ணும் இல்ல கண்ணு. ஓரத்துல ஒரு கீத்து தெரியுது. அது போதும், நீதான் கீறியே." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலித்தது. "அம்மா கிட்ட சொல்லாத. அத்தைக்குத் தெரிஞ்சா உன்ன போர்டிங்குக்கு அனுப்பிடுவாங்க. வெளங்குதா?"

நன்றாகவே விளங்கியது. ஆறு வயதுக் குழந்தையின் தலையில் வைக்கிற சுமையா அது என்று இப்போது நினைத்தால் அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அன்று வந்தது பயம் மட்டும்தான். அதுவரை ஆட்டமாக இருந்தது, அந்த மத்தியானத்திலிருந்து காவல் ஆகிவிட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கும் முன்பே எதிரே யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொள்வேன்.

வீட்டுக்குள் இன்னும் மோசம். அம்மா எதையாவது நீட்டினால் தாத்தாவின் கை கொஞ்சம் தள்ளிப் போகும். அதற்குள் நான் பாய்ந்து பிடுங்கி அவர் கையில் திணிப்பேன். சாப்பிடும்போது அவர் தட்டிலிருந்து மீனை எடுத்து முள்ளை நீக்கி, ஒரு வாய் நான் போட்டுக்கொண்டு மிச்சத்தை அவர் பக்கம் தள்ளுவேன். ஒரு வாய் நான் தின்றால்தானே பிள்ளை பறக்காவெட்டி என்று நினைப்பார்கள். நினைத்தார்கள்.

"மாமா, இவளுக்கு ரொம்ப எடம் குடுக்கறீங்க. உங்க தட்டுல கூட கை வெக்கிறா," என்று அம்மா என் முதுகில் ஒன்று வைப்பாள். தாத்தா தலையைக் குனிந்து சாப்பிடுவார். நான் அழ மாட்டேன். அந்த இரண்டு மாதத்தில் பேராசைக்காரி, அடங்காப்பிடாரி என்று எங்கள் சொந்தத்தில் எனக்குக் கிடைத்த பெயர் என் கல்யாணம் வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தவக்காலம் தொடங்கியதும் அத்தை பெட்டியோடு வந்து இறங்கினாள். சாந்தோமில் நடக்கிற கூத்து தி. நகர் வரைக்கும் போயிருந்தது. பேத்தி இடுப்பில் துண்டைக் கட்டிப் பெரியவர் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு போகிறாராம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னாப்பா இது? ஆபீஸ்ல எத்தினி பேர் கை கட்டி நின்னாங்க உங்க முன்னால. இப்ப சின்னப் புள்ளையாட்டம் ரோட்டுல குதிரை ஓட்டறீங்களே, மானம் போவுது."

அத்தை துண்டை என் இடுப்பிலிருந்து உருவி, மடித்து, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இனிமேல் மனிதர்கள் மாதிரி நடந்து போனால் போதும் என்றாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் தணிந்த குரலில், "அப்பாவுக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சு, ஜூன் வரைக்கும் தாங்காது, நான் சிஸ்டருங்களுக்கு எழுதறேன்," என்று சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா இந்தத் தடவை மறுத்துப் பேசவில்லை.

ஒரு வாரம் தாத்தா வாசலைத் தாண்டவில்லை. முட்டி வலி என்றார். மூலைக்கடை பாய் குதிரைக்கு உடம்பு சரியில்லையா என்று அத்தையிடமே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் சிலுவைப் பாதை, ஏசு சிலுவை சுமந்த பதினாலு ஸ்தலங்களுக்கும் ஜெபம். தாத்தா அதற்கு ஒரு வருஷமும் போகாமல் இருந்ததில்லை. போகாவிட்டால் அத்தை என்ன ஏது என்று துருவுவாள். போனால் துண்டு இல்லை. நான் தாத்தாவின் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்கு வழி தெரியாதா இன்னா. போலாம் வா," என்று குடையை எடுத்துக்கொண்டார். எண்ணிக்கை அவருக்கு மனப்பாடம். அதை நம்பித்தான் கிளம்பினார்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாத்தா எங்களுக்கு முன்னால் பத்தடி தூரத்தில் நடந்தார். குடையைச் சும்மா ஊன்றுவதுபோல் ஊன்றி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே. சுவர் திரும்பும் இடத்தில் சரியாகத் திரும்பினார். சாக்கடைப் பலகையில் சரியாகக் கால் வைத்தார். எனக்கு மூச்சு வந்தது. கோயிலுக்குப் போகக் குறுக்கே ஒரு பொட்டலைக் கடக்க வேண்டும். அதில் தேய்ந்து போன ஒற்றையடிப் பாதை, நேராகப் போகும். பொட்டலில் காலை வைத்ததும் அத்தை நின்றாள். என் முக்காடு நழுவியிருந்தது. மண்டியிட்டு, தாத்தாவுக்கு முதுகைக் காட்டி, பின்னை வாயில் கவ்விக்கொண்டு என் தலையைச் சரிசெய்தாள்.

அவள் தோளுக்கு மேலே நான் பார்த்தேன். பாதையின் குறுக்கே பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். விமானம் வந்தால் ஆட்கள் இறங்கி ஒளிந்துகொள்ள ஊரெல்லாம் அப்போது அப்படித்தான் வெட்டினார்கள். நாங்கள் வெளியே வராத அந்த வாரத்தில் வெட்டியிருக்கிறார்கள். என் உயரத்துக்கு மேலே ஆழம் இருக்கும். வெட்டிய மண்ணையெல்லாம் அந்தப் பக்கமே குவித்திருந்ததால் இந்தப் பக்கம் காலில் தட்டுப்பட ஒன்றுமே இல்லை. தாத்தா எண்ணிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். இவ்வளவு வெளிச்சத்தில், கண் முன்னால் இருக்கிற குழியை எதற்குக் கத்திச் சொல்ல வேண்டும்? சொன்னால் அத்தைக்குத் தெரிந்துவிடும். ஒட்ட வெட்டிய தலை, மணிச்சத்தம், பாதி இட்லி, எல்லாம் என் கண்ணில் வந்து நின்றன. தாத்தா ஓர் எட்டு வைத்தார். இன்னும் ஓர் எட்டு வைத்தார். இரண்டு எட்டு நான் சும்மா இருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். முழுசாக இரண்டு எட்டு.

பிறகு கனைத்தேன். அத்தையின் காதுக்குள்ளேயே, ஒரே ஒரு தடவை, உயிர் போகிற மாதிரி.

தாத்தா நின்றார். தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார்.

அத்தை வாயிலிருந்த பின்னைத் துப்பிவிட்டு என் கன்னத்தில் அறைந்தாள். "சிலுவைப் பாதைக்குப் போறப்ப கூட குதிரையா? அடங்க மாட்டே நீ?" பிடித்து வைத்த அழுகையெல்லாம் அந்த ஓர் அறையில் பீறிட்டுக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாக வாங்கிய அடிக்கெல்லாம் சேர்த்து அழுதேன்.

தாத்தா குடையைப் போட்டுவிட்டார். எண்ணிக்கை, எட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, என் அழுகை வந்த திசையில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வேகமாக வந்தார். "அழாத கண்ணு, அழாத, நான் கீறேன்," என்று சொல்லிக்கொண்டே குனிந்து என் கையைத் தேடினார். அவர் கைக்குக் கிடைத்தது அத்தையின் கை. என்னை அறைந்த கை. அதைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார். வளையல் தட்டுப்பட்டது. அவர் விரல்கள் வளையல்மேல் அப்படியே நின்றுவிட்டன.

அத்தை அவர் முகத்தையே பார்த்தாள். அவருக்குப் பின்னால், அவர் வந்த வழியில் தெரிந்த குழியைப் பார்த்தாள். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா. என் மூஞ்சி தெரியுதா?"

"கோயிலுக்கு நேரமாவுதும்மா."

"எத்தினி நாளா?"

நான்தான் விக்கிக்கொண்டே சொன்னேன். "குதிரை ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து."

அத்தை மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைச் சேலை, புழுதி, எதையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கைப்பையைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து என் இடுப்பைச் சுற்றிப் போட்டு, முனைகளைத் தாத்தாவின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். "நட," என்றாள் என்னிடம். அவள் பின்னால் வந்தாள். நாங்கள் போனபோது கோயிலில் பாதி ஸ்தலங்கள் முடிந்திருந்தன.

ஈஸ்டர் முடிந்ததும் அத்தை அவரைக் கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கண்ணுக்குள் அழுத்தமாம். போனது போனதுதான், திரும்பாது. ஆனால் நாலைந்து மாதம் முன்னால் வந்திருந்தால் ஓரத்தில் தெரிந்துகொண்டிருந்ததையாவது நிறுத்தி வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது அதுவும் கரைந்துகொண்டிருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை. நாலைந்து மாதம். நான் குதிரையாக இருந்த மாதங்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஐந்து ஐந்தாக எண்ணத் தெரியும்.

"என் கிட்ட சொல்லியிருந்தா நானே பெட்டியத் தூக்கினு வந்து இருந்திருப்பேனே," என்று அத்தை அழுதாள். "உங்களுக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சுன்னுதானே போர்டிங்குன்னேன். கண்ணு தெரியாத அப்பாகிட்டேர்ந்து புள்ளையப் பிரிப்பேனா?"

"பிரிச்சிடுவேன்னு நெனச்சேன்," என்றார் தாத்தா.

"நான் இன்னா பேயா?"

அத்தை பிறகு தினமும் தி. நகரிலிருந்து பஸ் பிடித்து வந்து அம்மா திரும்பும் வரை எங்களோடு இருந்துவிட்டுப் போனாள். என்னை யாரும் எங்கும் அனுப்பவில்லை. அத்தையை நான் மன்னிக்கப் பல வருஷம் ஆயிற்று. அவளை மன்னிக்க என்ன இருந்தது என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். யாருக்கும் தெரியாமல் காப்பாற்ற வேண்டும் என்று நான் அத்தனை கெட்டிக்காரத்தனம் காட்டாமல் இருந்திருந்தால், என் தாத்தா ஓரக்கண்ணாலாவது என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

எல்லோருக்கும் தெரிந்த பிறகு அது ஆட்டமாக இல்லை. துண்டு கொடியில் தொங்கியது. தாத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஓரத்தில் இருந்ததும் ஒரு வருஷத்தில் போய்விட்டது. சண்டை முடிந்தது, அப்பா வந்தார், பொட்டலில் இருந்த குழியை மூடி மண்ணைச் சமமாக்கினார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது, பொட்டலில் முன்பு குழி இருந்த இடத்தில், சுவர் திருப்பத்திலிருந்து அறுபத்திரண்டாவது எட்டில், தாத்தா நின்றுவிடுவார். தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். நான் மெதுவாக ஒரு தடவை கனைப்பேன். "சரி," என்று சிரித்துவிட்டு நடப்பார்.

எனக்கு ஒன்பது வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். தாத்தா அறுபத்திரண்டில் நின்றார். தலையைச் சாய்த்தார்.

"குழிய மூடி எத்தினி நாளாச்சு தாத்தா. நட."

"ஆமால்ல," என்றார். நடந்தார்.

அடுத்த வாரம் அவர் அங்கே நிற்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். ஒரு தடவையும் நிற்கவில்லை.

இன்று காலையும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்து அறுபத்திரண்டாவது எட்டில் நின்றேன். வீட்டில் யாரும் இல்லை. மெதுவாக ஒரு தடவை கனைத்தேன்.